மஞ்சள் தொட்ட உறை

உட்காரச் சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார், நானும் உட்கார்ந்துவிட்டேன், ஆனால் எழுந்து ஒரு குதி குதிக்க வேண்டும்போல் இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. அடங்கு கோகிலவாணி. நாற்பதை நெருங்குகிற பெண் அடுத்தவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டக் கூடாது, சுவரில் பல்லி போவதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, இந்த நாற்காலியின் பிரம்பை நகத்தால் பிய்க்கவே கூடாது. ஆனால் கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டதே. நான் கையால் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, பெட்டிக்குள் விழுந்ததா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துப் போட்ட கடிதத்துக்கு ஒரு மனுஷி போன் செய்தார். கடுதாசி வந்துச்சு கண்ணு, ஞாயித்துக்கிழமை நேர்ல வந்துட்டுப் போ, அவரும் வூட்லதான் இருப்பாரு. அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை, விலை கேட்கவில்லை, நீ யார் என்னவென்று குடையவில்லை. ஈரோட்டில் பஸ் ஏறினேன், பெருந்துறையில் நின்றது, அவிநாசியில் நின்றது, எங்கேயும் நிற்காமல் போகக் கூடாதா என்று டிரைவரின் பின்மண்டையை முறைத்துக்கொண்டே வந்தேன், இதோ கோயம்புத்தூர் கணபதியில், விலாசத்தில் நான் எழுதிய அதே கதவு எண்ணுக்குள், மின்விசிறிக்குக் கீழே இருக்கிறேன். ஜோதி, நீ வந்திருக்க வேண்டும் இங்கே. காகிதத்தைக் கிழித்துக் காவிரியில் விடுவதும் நீ தபால் பெட்டியில் போடுவதும் ஒன்றுதான் என்று சொன்ன வாயை இங்கே கொண்டுவந்து மூடியிருக்கலாம். பையில் போன் நடுங்குகிறது. அவள்தான். எடுக்க மாட்டேன். கொஞ்சம் தவிக்கட்டும்.

தவிப்பதற்கு அவளுக்கும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நூல் மில் ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஒரே நாளில் வேலையை விட்டுவிட்டு ரியல் எஸ்டேட் செய்யப் போகிறோம் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும். பூட்டிக் கிடக்கிற பழைய வீட்டை வாங்குவது, கூரை ஓட்டை மாற்றி ஒயரை மாற்றி, தண்ணீர்க் குழாயை மாற்றி விற்பது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஆனால் வீடு எங்கே? ஜோதிக்குப் புரோக்கர்கள்தான் தெய்வம். எனக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. புரோக்கர் காதுக்கு வந்த வீடு டீக்கடை வரைக்கும் வந்த வீடு, நமக்கு முன்னால் பத்துப் பேர் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். விற்கலாம் என்று இன்னும் நினைக்கவே நினைக்காத ஆளைப் பிடிக்க வேண்டும், அவன் மனதுக்குள் நாம் முதலில் போய் உட்கார வேண்டும், அதற்குக் கடிதத்தை விட்டால் வேறு வழி கிடையாது என்று நான் சொல்ல, அவள் மறுக்க, கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். ஆவணி முடிவதற்குள் கடிதத்தால் ஒரு வீடு. ஒரே ஒரு வீடு. வந்தால் இருவரும் சேர்ந்து தொடர்வது, வராவிட்டால் ஜோதி தன் பங்கை எடுத்துக்கொண்டு மில்லுக்கே திரும்பிவிடுவது. அவளுக்காக அங்கே நாற்காலியைக் காலியாகவே வைத்திருக்கிறார்களாம். எனக்காக எதையும் வைத்திருக்கவில்லை, வரும்போது மேனேஜரிடம் நான் பேசிய பேச்சு அப்படி. ஆவணி முடியப் போகிறது. அடுத்த வாரம் இந்நேரம் நான் தனி ஆள், அல்லது ஒரு வீட்டுக்காரி. உள்ளே யாரோ சவரம் செய்கிற சத்தம், பிளேடைக் கிண்ணத்தில் தட்டுகிற சத்தம். பெரியவர் தயாராகிறார். வீடு விற்கிற விஷயம் பேச ஒரு மனிதர் சவரம் செய்துகொள்கிறார் என்றால் முடிவு எடுத்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

எல்லாம் அந்த மஞ்சள் செய்த வேலை. முதலில் போட்ட கடிதங்களை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, கம்பெனிப் பெயர், முத்திரை, அச்சடித்த விலாசம். ஒருவர் கூப்பிடவில்லை, திட்டுவதற்குக்கூட. அப்புறம்தான் யோசித்தேன், இந்தக் காலத்தில் தபாலில் என்னதான் வருகிறது? பேங்க் நோட்டீஸ், இன்சூரன்ஸ், கோர்ட் சம்மன், எவனோ சிக்னலைத் தாண்டியதற்கு நமக்கு வருகிற அபராதம். தபால்காரர் சைக்கிளை நிறுத்தினாலே உள்ளே போய் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது. ஒன்றே ஒன்றைத் தவிர. எதிர்வீட்டு அம்மா ஒருநாள் கேட்டில் நின்றபடி ஒரு உறையைப் பிரித்ததைப் பார்த்தேன், செருப்பைக் கழற்றவில்லை, காய்கறிப் பையைக் கீழே வைக்கவில்லை, பல்லாலேயே ஓரத்தைக் கடித்துப் பிரித்தார். நான்கு மூலையிலும் மஞ்சள். யாருக்குக் கல்யாணம், யாரைத் தேடி வந்திருக்கிறது, நம்மை யார் நினைத்துக்கொண்டார்கள், அந்த ஆசையில் மனிதர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் பார். ஈரோட்டில் இருந்துகொண்டு மஞ்சளுக்கா பஞ்சம்? கெட்டியான சந்தன நிற உறை வாங்கினேன், கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டேன், பின்புறம் என் போன் நம்பர் மட்டும், மூலைக்கு மூலை மஞ்சளைக் குழைத்துத் தொட்டு வைத்தேன். இது ஏமாத்து வேலைடி என்றாள் ஜோதி. உள்ளே இருக்கிற கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறதா காட்டு என்றேன். மறுநாளிலிருந்து போன் வந்தது. ஒருவர் மொய் எழுதப் பணத்தை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் பிரித்தாராம், அரைமணி நேரம் திட்டினார். இன்னொருவர் வீடெல்லாம் விக்கறதில்லைங்க, பொண்ணுக்கு ஒரு நல்ல வரன் இருந்தாச் சொல்லுங்க என்றார், நான் உண்மையிலேயே இரண்டு பேரைச் சொன்னேன். இன்னொருவர் விற்கத் தயார், கிணற்றில் தனக்கிருக்கிற எட்டில் ஒரு பாகத்தை. ஜோதி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரி. ஆனால் பிரித்தார்கள் அல்லவா, படித்தார்கள் அல்லவா, கூப்பிட்டார்கள் அல்லவா. கடைசியில் கணபதியிலிருந்து இந்த அம்மாவும் கூப்பிட்டுவிட்டார்.

அதுவும் எந்த வீட்டுக்கு! வேறு எந்த வீடாக இருந்தாலும் நான் இப்படிப் பறக்க மாட்டேன். கருங்கல்பாளையத்தில், ஆற்றுக்குப் போகிற சந்தில், முன்னால் ஒரு மாமரம், நடுவில் முற்றம், மேலே ஒரு ஒற்றை அறை. கேட்டில் இரண்டு பூட்டு. ஒரு சங்கிலி, இரண்டு பூட்டு, ஒன்று பெரியவன் போட்டது, ஒன்று சின்னவன் போட்டது, இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும், இருவரும் சேர்ந்து வரப்போவதில்லை என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா செத்தபின் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிட்டதாம், மேலறை யாருக்கு என்பதில் தொடங்கியதாம். அண்ணன் சென்னியப்பன் கோயம்புத்தூரோடு போய்விட்டார். தம்பி நல்லசிவம் ஈரோட்டிலேயே மூலப்பாளையத்தில் இருக்கிறார். பெரியவர் சரி என்றால் சின்னவரிடம் போகலாம் என்பது என் கணக்கு, மூத்தவர் கையெழுத்துப் போட்டபின் இளையவர் எவ்வளவு நாள் முறுக்கிக்கொண்டிருப்பார். அந்தக் கேட்டின் இடுக்கில் கண்ணை வைத்து நான் எத்தனை நேரம் நின்றேன் என்பதை ஜோதியிடம்கூடச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தப் புத்தி உண்டு. அப்பாவுக்கு வாடகை வீடு ஒத்துவராது, வாடகை வீட்டுக்காரர்களுக்கு அப்பா ஒத்துவர மாட்டார், வருஷத்துக்கு ஒரு முறை பாயைச் சுருட்டுவோம், வண்டியின் பின்னால் அம்மி மேல் உட்கார்ந்துகொண்டு நான் தெருவில் பூட்டிக் கிடக்கிற வீடுகளையே பார்த்துக்கொண்டு வருவேன். உள்ளே யாருமே இல்லை, வெளியே நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், இது என்ன நியாயம் என்று அழுகையாக வரும். இறங்கி ஓடிப்போய்ச் சாவித் துவாரத்தில் கண்ணை வைப்பேன். ஒரு கோடு வெளிச்சம், அதில் தூசி பறக்கும், அந்தத் தூசி என்னைப் பார்த்துதான் பறக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துப்போவாள். இப்போது யாரும் இழுக்க முடியாது. நானே உள்ளே போவேன், முற்றத்தைக் கழுவிவிடுவேன், மேலறையின் ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியுமா தெரியாதா என்பது இந்த மாதத்துக்குள் எனக்குத் தெரிந்துவிடும்.

உள்ளே நெய் வாசம், தேங்காயும் வெல்லமும் வேகிற வாசம். ஒப்புட்டு சுடுகிறார்கள், தேங்காய்ப் போளி. எனக்கா? கேட்டில் நான் வந்து நின்றபோதே அந்த அம்மா, பாவாயம்மாள் என்று பெயர் சொன்னார், செருப்பைக் கழற்றுவதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவான குரலில் சொன்னாரே, அவரு கேட்டா ஈரோட்டுல இருந்து வர்றேன்னு மட்டும் சொல்லு கண்ணு, மத்ததெல்லாம் நான் பேசிக்கறேன் என்று. அப்பவே எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா நம் பக்கம். பெரியவர் கொஞ்சம் முறைப்பான ஆள், பக்குவமாகத்தான் பேச்சை எடுக்க வேண்டும், அதை அம்மா பார்த்துக்கொள்வார். வீட்டுக்கார அம்மா நம் பக்கம் வந்துவிட்டால் பத்திரமே பாதி எழுதிய மாதிரி, இதை எந்தப் புரோக்கரும் ஒத்துக்கொள்வான். சமையலறைக் கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே மேடை மேல் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழச் சீப்பு, மட்டை உரித்த தேங்காய். அட்வான்ஸ் வாங்கத் தட்டு வைக்கிறார்களே! இன்றைக்கேவா? நான் வெறும் பேச்சுக்குத்தானே வந்தேன். வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறேனே, ஜோதியை உடனே கிளம்பி வரச் சொல்லலாமா, ஒரு நூறு ரூபாய்த் தாளை வைத்து இன்றைக்கு நல்ல நாளை விடக்கூடாது என்று சொல்லிவிடலாமா. இரு, இரு. அந்தத் தட்டில் பழத்துக்குப் பக்கத்தில் என்ன அது? மாம்பழ நிறத்தில் அகலக் கரை போட்ட பட்டுப்புடவை. மடிப்புக் கலையாத புதுப் புடவை. வீட்டை விற்கிறவர் வாங்குகிறவளுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பாரா? கோயம்புத்தூர்ப் பக்கம் அப்படி ஒரு வழக்கம் இருக்குமோ? நானும் இந்தக் கொங்குச் சீமையில் பிறந்தவள்தானே, கேள்விப்பட்டதில்லையே. அம்மாவுக்குச் சொந்த வேலை ஏதாவது இருக்கும், மத்தியானம் எங்காவது விசேஷத்துக்குப் போவார்களாக இருக்கும். அப்படித்தான். ஆனால் அந்த எண்ணம் போய் உட்கார மறுக்கிறது, புடவை, தட்டு, சவரம், ஒப்புட்டு, விலையே கேட்காத போன், திரும்பத் திரும்ப அதையே சுற்றுகிறது. ஏதோ ஒன்று சரியில்லை. எல்லாமே ரொம்பச் சரியாக இருப்பதுதான் சரியில்லை. எனக்கு யாரும் இதுவரை இவ்வளவு சுலபமாக எதையும் கொடுத்ததில்லையே. பூஜை மணி அடிக்கிறது. சாம்பிராணி வருகிறது. வந்துவிட்டார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டிலும் கஞ்சி மொடமொடக்கிறது, நெற்றியில் திருநீறு, கன்னத்தில் பிளேடு கீறிய இடத்தில் ஒரு துளி ரத்தம். எழுந்து கும்பிட்டேன். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஈரோட்டில் மழை உண்டா என்றார். இல்லை என்றேன். ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்றார். வருகிறது என்றேன். பேச்சை ஆரம்பித்துவிடு கோகிலவாணி, உங்கள் வீட்டைப் பார்த்தேன் ஐயா என்று தொடங்கு. நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அவரே, "நீ செல்வி வழியில சொந்தம்னு பாவா சொன்னா" என்றார். செல்வி யார்? நான் வாயைத் திறந்தேன். காப்பி ஆறுது கண்ணு, முதல்ல குடி என்று பாவாயம்மாள் எங்கிருந்தோ வந்து டம்ளரை என் கையில் திணித்தார். குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது. பெரியவர் இன்னும் ஜன்னலைத்தான் பார்க்கிறார். "அவன் வர்ல. உன்னைய அனுப்பியிருக்கறான். செரி, அந்தளவுக்காவது தோணுச்சே." யார் அனுப்பியது என்னை? என்னை யாரும் அனுப்பவில்லையே. "கீர்த்தனாவை என்ற தோள்ல வெச்சுத்தான் பண்ணாரியில தீ மிதிக்கற குண்டம் பாக்கக் கூட்டீட்டுப் போனேன். கூட்டத்துல என்ற தலைமுடியப் புடிச்சுட்டு இருந்தா, ரெண்டு கையிலயும். அந்தப் புள்ள கல்யாணத்துக்கு எனக்குத் தபால்ல பத்திரிகை. பெரியப்பனுக்குத் தபால்ல!" குரல் ஏறி நின்றுவிட்டது. பூஜை அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். சாமி படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில், சந்தன நிறத்தில், நான்கு மூலையிலும் மஞ்சளோடு, என் கையெழுத்து.

ஈரோட்டுத் தபால், மூலையில் மஞ்சள், தம்பி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்துவிட்டார், செல்வி தம்பியின் பெண்டாட்டியாக இருக்கும். பிரிக்கவே இல்லை. எப்படிப் பிரிப்பார், எங்கள் பக்கத்தில் யார் பிரிப்பார்கள், தாம்பூலத் தட்டோடு புருஷனும் பெண்டாட்டியுமாக வாசலில் வந்து கும்பிட்டு வைக்காத பத்திரிகையைச் சொந்தக்காரன் மதிப்பானா, தபாலில் வந்தால் அது அழைப்பில்லை, நீ வராதே என்பதற்கு மறுபெயர். இதெல்லாம் தெரிந்த நான்தானே மஞ்சளைக் குழைத்தேன். தெரியாதவர்களைப் பற்றியே யோசித்தேன், மொய் எழுதுகிறவர்களையும் பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்களையும், ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரு பத்திரிகைக்காகக் காத்திருக்கிற ஆள் ஒருவர் இருப்பார் என்று யோசிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போல இருந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒரு குரல், என் குரல்தான், வீடு போச்சே வீடு போச்சே என்று அரற்றிக்கொண்டே இருந்தது. அவர் பேசிக்கொண்டே போனார், நாலு நாளாக அந்த உறையைக் கையால் தொடவில்லை என்றார், தூக்கிக் குப்பையில் போடச் சொன்னாராம், பாவாதான் மஞ்சள் இருக்குது, பாவம் என்று சாமி முன்னால் வைத்தாளாம். வைத்ததிலிருந்து தூக்கம் இல்லையாம். "நேத்து ராத்திரி முடிவு பண்ணீட்டேன். அவனுக்கு மரியாதை தெரியலீன்னா எனக்குமா தெரியாது? புள்ளைக்குச் சேலை எடுத்தாச்சு. நான் போறேன். கூப்பிடற மாதிரி கூப்படலீன்னாலும் போறேன்." சொல்லிவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்குப் பந்து எடுக்கப் போகிற பையனின் பயம் அந்தக் கண்ணில் இருந்தது. "கண்ணுல ஆப்பரேசன் பண்ணியிருக்குது, பொடி எழுத்துத் தெரியறதில்லை. நீயே பிரிச்சுப் படி அம்மிணி. எந்த மண்டபம், என்னிக்கு முகூர்த்தம்."

உறை என் கைக்கு வந்துவிட்டது. அவரே எழுந்து போய் எடுத்து, தொட மாட்டேன் என்ற ஆள், இரண்டு கையாலும் கொடுத்தார். இதைப் பிரித்தால் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். மதிப்பிற்குரிய ஐயா, கருங்கல்பாளையத்தில் தாங்கள் பூட்டி வைத்திருக்கும் வீட்டை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ள விரும்புகிறோம். படி, கோகிலவாணி. படித்துவிடு, மன்னிப்புக் கேள், உண்மையைச் சொல். உண்மையைச் சொல்வதில் லாபமும் இருக்கிறதே. தம்பி தன்னை அழைக்கவில்லை என்று தெரிந்த கோபத்தில் இந்த மனிதர், அந்த வீடு எனக்கு எதுக்கு, கொண்டா பேனாவை என்று கையெழுத்துப் போட்டாலும் போடுவார். கட்டாயம் போடுவார். சூடு ஆறுவதற்குள் வாங்கிவிட வேண்டும், வியாபாரம் என்றால் அதுதான், ஜோதி இருந்தால் இதற்குள் பேனாவை எடுத்திருப்பாள். ஆவணிக்குள் ஒரு வீடு. ஒரு வரி படித்தால் போதும். உறையைத் திருப்பினேன். மூடியின் ஓரத்தில் கட்டைவிரலுக்குக் கீழே என்னவோ நெருடியது. காய்ந்த சோற்றுப் பருக்கை. நசுக்கித் தேய்த்து ஒட்டிய ஒரு பருக்கையில் பாதி வெளியே பிதுங்கி நிற்கிறது. நான் ஒட்டியது கோந்து. பாட்டில் கோந்து. யாரோ இதை ஆவியில் காட்டியோ ஈரத்துணி வைத்தோ பிரித்து, படித்துவிட்டு, சோற்றால் மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். நிமிர்ந்தேன். பாவாயம்மாள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முந்தானையின் நுனி அவர் விரல்களில் கயிறாகச் சுருண்டு கிடக்கிறது. என்னையேதான் பார்க்கிறார். அடி அம்மா. எல்லாம் தெரியும் உங்களுக்கு. கல்யாணமும் இல்லை, பத்திரிகையும் இல்லை, தெரிந்துதான் சாமி முன்னால் வைத்தீர்கள், தெரிந்துதான் எனக்குப் போன் செய்தீர்கள், ஈரோட்டிலிருந்து நேரில் ஒரு ஆள் வந்தால்தான் இந்த மனிதரின் வீம்பு கொஞ்சம் இறங்கும் என்று என்னைச் சொந்தக்காரியாக்கி உட்கார வைத்தீர்கள். நான் மஞ்சளை வைத்து ஒரு கதவைத் திறக்கப் பார்த்தேன், நீங்கள் அதே மஞ்சளை வைத்து ஒரு மனிதரை எழுப்பிவிட்டீர்கள். எனக்கு ஒரே சமயத்தில் கோபமும் சிரிப்பும் வந்தது, இந்த அம்மாவை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, ஏன் இவ்வளவு சந்தோஷம் பொங்குகிறது, எனக்கு வீடு போகிறதே, ஜோதி போகிறாளே. பெரியவர் காத்திருக்கிறார். கன்னத்து ரத்தத் துளி காய்ந்துவிட்டது.

"இதைப் பிரிக்க வேண்டாமுங்க ஐயா" என்றேன். என் குரல்தானா அது. "தபால்ல வந்ததைப் படிச்சுட்டுப் போனா நல்லாவா இருக்கும். நேராப் போய்க் கேளுங்க. உங்க தம்பியே சொல்லட்டும்." சொல்லிவிட்டு உறையைச் சுருட்டி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பொய் சொன்னேனா? ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டினார், முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. ஆமா, அவன் வாயால வரட்டும், அதுதான் மொறை என்றார். பாவா, கார்ச் சாவி எங்கே என்றார். இப்பவேயா என்றார் பாவாயம்மாள், என்ன ஒரு அப்பாவிக் குரல், சினிமாவில் நடிக்க வைக்கலாம். இப்பப் போகாம பொறகென்ன, வெயில் ஏறிப் போயிரும் என்று அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார், சாவி அவர் கையிலேயேதான் இருந்தது. ஈரோட்டுக்குத்தானே போறோம், நீயும் வண்டியில ஏறிக்க அம்மிணி, பஸ்ஸுல எதுக்குச் சிரமப்படறே என்றார். எப்படி மறுப்பது. மறுக்க யாருக்கு மனம் வரும்.

பின்சீட்டில் நானும் பாவாயம்மாளும், என் மடியில் தட்டு, தட்டில் புடவை, தேங்காய் உருளாமல் ஒரு கையால் பிடித்திருக்கிறேன், ஒப்புட்டுச் சூடு இன்னொரு தொடையில். முன்னால் பெரியவர் ஹாரனைத் தேவையில்லாமல் அடிக்கிறார். ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம், அப்புறம் மூலப்பாளையம், அப்புறம் தம்பி வீட்டு வாசல். பந்தல் இருக்காது. வாழைமரம் இருக்காது. கீர்த்தனா என்ற பெண் நைட்டியோடு கோலத்தை மிதித்துக்கொண்டு வந்து யார் நீங்க என்று கேட்பாள். அந்த அம்மாவின் காதோரம் குனிந்து, "அங்க போனா கல்யாணம் இல்லைன்னு தெரிஞ்சுருமேங்க" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை, புருஷனின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார். "தெரியட்டும் கண்ணு. தம்பி வாசல்ல நிக்கறப்பத் தெரியட்டும். அங்க போய் நின்னுட்டாருன்னா உள்ள போகாமத் திரும்ப முடியாது. இங்க உக்காந்துட்டுத் தெரிஞ்சுதுன்னா, இனி இந்தப் பொறப்புக்கு எந்திரிக்க மாட்டாரு." அவர் கை தட்டின் விளிம்பில் என் கைக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது, ஈரமாக. இவருக்கும் பயம்தான். போன் மறுபடி நடுங்கியது, இந்தத் தடவை எடுத்தேன். என்னாச்சுடி, கடிதம் பலன் குடுத்துச்சா, வீடு குடுக்கறாங்களா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு, நாளைக்கு நான் மில்லுல வந்து சேர்றேன்னு சொல்லணும் என்று ஜோதி மூச்சு வாங்கினாள். வீடு இல்லை ஜோதி என்றேன், நீ மில்லுலயே சேர்ந்துக்க என்றேன், சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கினேன், முடியவில்லை. நான் இன்னும் கடிதம் போடப் போகிறேன் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அதைச் சொல்ல இப்போது நேரமில்லை. அவிநாசி ரோட்டில் காற்று முகத்தில் அடிக்கிறது. எங்கேடி இருக்கே, என்ன சத்தம் அது, ஏன் சிரிக்கறே என்று அவள் கத்தினாள். "ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டிருக்கேன், அப்பறம் கூப்படறேன்" என்றேன். முன்னால் இருந்த பெரியவர் அதைக் கேட்டுவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வண்டியை இன்னும் கொஞ்சம் வேகமாக விட்டார்.